நிறம் பிடிக்காத செல்கள்

ரெட்டிபாளையத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் நான் வேலை பார்க்கிறேன். என் கணவர் அரியலூர் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் மேஸ்திரி. எங்கள் வீட்டில் கிரேடு என்றால் அது சிமெண்ட் கிரேடுதான். எண் கூடினால் உறுதி கூடும். என் மார்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கின் அறிக்கை வந்த அன்று, ஸ்கேன் சென்டர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் அதைப் புரட்டினார்.

"கிரேடு ஒண்ணுன்னு போட்டிருக்கே வசந்தா. அது நல்லதா, கெட்டதா?"

"தெரியலங்க. டாக்டர்கிட்டயே கேட்போம்."

அந்த வரிக்கு மேலே புற்றுநோய் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை இருவருமே வாசித்திருந்தோம். அந்தச் சொல்லைத் தொட எங்களுக்குத் தைரியம் வரவில்லை. கீழே இருந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பேசினோம்.

குளிக்கும்போதுதான் அதைக் கண்டேன். இடது மார்பின் மேல் பக்கம், சின்ன வெங்காயம் அளவுக்கு, அழுத்தினால் வலிக்காத ஒரு கட்டி. வலி இல்லாதது முதலில் நிம்மதியாக இருந்தது. மார்பில் வலிக்காத கட்டியைத்தான் கட்டாயம் காட்ட வேண்டும் என்று ஆலையின் மருத்துவ அறையில் இருந்த நர்ஸ் சொன்ன பிறகு அந்த நிம்மதியும் போயிற்று. மேமோகிராம் எடுத்தார்கள். மார்பை இரண்டு பலகைக்கு நடுவே அழுத்திப் பிடித்து எடுக்கும் எக்ஸ்ரே அது. பிறகு பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு தடித்த ஊசியால் கட்டியிலிருந்து புழு அளவுக்குச் சதை எடுத்தார்கள். ஊசி பாயும்போது ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் வலியைவிட அதிகமாகத் திடுக்கிட வைத்தது.

இதெல்லாம் எந்த ஊரில், எந்த மருத்துவரிடம் என்று எழுதப் போவதில்லை. அந்த மருத்துவர் நல்லவிதமாகத்தான் பேசினார். ஆனால் வெளியே கூட்டம் நிறைய இருந்தது.

"ட்ரிப்பிள் நெகட்டிவ்மா," என்றார். "ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர் டூ, மூணும் இல்லை. கொஞ்சம் முரட்டு வகை. முதல்ல கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்குவோம். அப்புறம் ஆபரேஷன்."

"கிரேடு ஒண்ணுன்னு இருக்கே சார், அது என்னங்க?"

"கிரேடு கம்மியா இருக்கிறது நல்லதுதான். ஆனா ட்ரிப்பிள் நெகட்டிவ் ஆச்சே." அவர் மணியை அழுத்தினார். அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் புழுதியில் வந்தோம். ஒரு வரி சாது என்கிறது, இன்னொரு வரி முரடு என்கிறது. ஒரே துணுக்கு எப்படி இரண்டாகவும் இருக்கும் என்று என் மனம் அதையே சுற்றிக்கொண்டிருந்தது. பயம் இல்லாமல் இல்லை. கல்லூரியில் படிக்கும் மகளுக்கு எப்படிச் சொல்வது என்ற நினைப்பு விடாமல் வந்தது. ஆனால் அந்தக் கேள்வி இருந்ததால் பயம் முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளவில்லை.

செய்தி கேட்டதும் வரதராஜன்பேட்டையிலிருந்து அண்ணி வந்துவிட்டார். மலர்க்கொடி என்று பெயர், என் கணவரின் அக்கா. ஒரு பெரிய பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குள் நுழைந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு அடுப்படியைக் கைப்பற்றினார். எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று வேளையும் எனக்குப் பிடித்ததையே சமைத்தார். நான் சாப்பிடாமல் எழுந்தால் மட்டும், "தட்டுல வச்சுட்டு எந்திரிக்கிறியே, நான் என்ன பக்கத்து வூட்டுக்காரியா?" என்பார்.

பகலில் அவர் தூங்கும் நேரத்தில் நான் கைபேசியில் தேடினேன். தேடாதே என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதையே சொல்வேன், ஆனால் தேடினேன். ட்ரிப்பிள் நெகட்டிவ் பற்றிப் படித்த இடங்களிலெல்லாம் அது பெரும்பாலும் கிரேடு மூன்றாக இருக்கும் என்றே இருந்தது. எனக்கோ ஒன்று. எங்கள் சோதனைக்கூடத்தில் இப்படி இரண்டு முடிவு முட்டிக்கொண்டால் ஆலைக்கே தகவல் சொல்லாமல் முதலில் மறுபடி ஒரு மாதிரி எடுப்போம். ஆனால் இது சிமெண்ட் இல்லை, நான் மருத்துவரும் இல்லை. எனக்குப் புரியாத காரணம் ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கீமோவுக்காகப் பெரம்பலூரில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே புற்றுநோய் மருத்துவர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். அறிக்கையை ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இந்த ஸ்லைடெல்லாம் உங்ககிட்ட இருக்காங்க?"

"இல்லைங்க மேடம். லேப்லதான் இருக்கு."

"அதை வாங்கிட்டு வரணும். கீமோவை இப்ப ஆரம்பிக்க வேண்டாம்."

என் கணவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "ஏங்க மேடம்? ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்கன்னுதானே அங்க சொன்னாங்க?"

மேடம் ஒரு வெள்ளைத் தாளை இழுத்து வைத்துக்கொண்டார். அதில் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டே பேசினார். நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கிரேடுங்கிறது மைக்ரோஸ்கோப்புல கண்ணால பார்த்துப் போடுற மார்க். இந்தச் செல்லு, நல்ல மார்புச் செல்லு மாதிரி இன்னும் எவ்வளவு இருக்குன்னு பார்ப்போம். நல்ல செல்லுங்க சின்னச் சின்னக் குழாய் மாதிரி வட்டமா அடுக்கி நிக்கும். இதுவும் அப்படி நிக்குதா? நடுவுல இருக்கிற கரு எல்லாம் ஒரே அளவா, இல்ல பெருசும் சிறுசுமா? எத்தனை செல்லு ரெண்டாப் பிரிஞ்சுகிட்டு இருக்கு? இந்த மூணுக்கும் மார்க் போட்டுக் கூட்டுவாங்க. கம்மியா வந்தா கிரேடு ஒண்ணு. அதாவது ஒழுங்கு இன்னும் கெடல, மெதுவா வளருது."

"அப்ப ஸ்டேஜுன்னா?"

"அது வேற. எவ்வளவு பெருசு, எங்கெங்க பரவியிருக்குங்கிறது ஸ்டேஜ். ரெண்டையும் குழப்பிக்காதீங்க."

அடுத்து மார்க்கர். நல்ல மார்புச் செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ள ஓர் இடம் உண்டு. ஈஸ்ட்ரோஜனுக்கான இடம் ஈ.ஆர்., புரோஜெஸ்ட்ரோனுக்கானது பி.ஆர். சில புற்றுச் செல்களின் மேல்தோலில் ஹெர் டூ என்ற புரதம் அளவுக்கு மீறி முளைத்து, வளரு வளரு என்று செல்லைத் தூண்டிக்கொண்டே இருக்கும். கே.ஐ. அறுபத்தேழு என்று இன்னொன்று, எத்தனை செல்கள் பிரியும் வேலையில் இருக்கின்றன என்று காட்டும். இவற்றையெல்லாம் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிறம் ஏற்றிப் பார்க்க வேண்டும். இருந்தால் பழுப்பு நிறம் பிடிக்கும்.

"கிரேடு கம்மியான செல்லு, தாய்ச் செல்லோட குணத்தை விடாம வச்சிருக்கும்," என்றார் மேடம். "அதனால பெரும்பாலும் ஈ.ஆர். இருக்கும், கே.ஐ. கம்மியா இருக்கும். கிரேடு மூணு வரும்போது ஈ.ஆர். காணாமப் போறது ஜாஸ்தி, கே.ஐ. ஏறும், ஹெர் டூவும் அங்கதான் அதிகமாப் பார்ப்போம். எப்பவும் அப்படித்தான்னு சட்டம் இல்ல. கிரேடு ஒண்ணுல ட்ரிப்பிள் நெகட்டிவ்வா வர்ற அபூர்வ வகையும் சிலது இருக்கு. உங்களுது அதுவா, இல்ல டெஸ்ட்ல ஏதாவது கோளாறான்னு தெரியாம நான் மருந்து ஏத்த மாட்டேன்."

எனக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது போல இருந்தது. நான் சுற்றிச் சுற்றி வந்த கேள்வி நியாயமான கேள்விதான், முட்டாள்தனம் இல்லை.

என் கணவருக்கு அப்படி இல்லை. வெளியே வந்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அங்க சீக்கிரம்ங்கிறாங்க, இங்க பொறுங்கிறாங்க. இதுக்கு நடுவுல பரவிப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? திருச்சிக்குப் போயிடுவோம். போனதும் ஏத்திடுவாங்க."

அன்று திங்கட்கிழமை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், சிறுவாச்சூர் காளியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் எங்களோடு வந்திருந்த அண்ணி. திங்களும் வெள்ளியும்தான் அங்கே நடை திறக்கும். கூட்டம் சாலைவரை நின்றது. நாங்கள் வரிசையில் நிற்கும்போதும் என் கணவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அண்ணி திரும்பினார்.

"ஏன்டா, நீ கட்டுற வூட்டுல கம்பி சரியில்லன்னு உனக்குச் சந்தேகம் வந்தா என்ன செய்வ? அவசரம்னு அதுமேலயே கான்கிரீட்டைக் கொட்டுவியா?"

வரிசை நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனபின் என் பக்கம் குனிந்து, "எனக்குப் பயமா இருக்கு வசந்தா. எதையாவது செஞ்சுகிட்டே இருந்தா பரவாயில்லன்னு தோணுது. சும்மா உக்காந்திருக்க முடியல," என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் வாயால் பயம் என்ற சொல்லை நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

"செய்யறதுக்கு வேலை இருக்குங்க. அந்த ஸ்லைடை வாங்கிட்டு வாங்க."

மறுநாளே போய் வாங்கிவந்தார். கண்ணாடித் தகடுகளும், என் சதைத் துணுக்கைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டையும். அவற்றை அண்ணியின் பூந்துண்டில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து, பெரம்பலூர் வரைக்கும் ஒரு பள்ளத்தில்கூட வண்டியை விடாமல் ஓட்டினார். வழியில் எங்கள் பின்னால் வந்த எல்லா வண்டிகளும் எங்களை முந்திப் போயின.

இரண்டொரு நாளில் மேடம் கூப்பிட்டார். இந்த முறை அவர் முகத்தில் ஒரு துறுதுறுப்பு இருந்தது.

"எங்க பேதாலஜி டாக்டர் பார்த்தாரு. கிரேடு ஒண்ணுங்கிறது சரி. அதுல சந்தேகமே இல்ல. ஆனா நிறம் ஏத்தின ஸ்லைடுல ஒரு விஷயம். கேன்சர் செல்லுக்குப் பக்கத்துல உங்க நல்ல செல்லும் கொஞ்சம் ஒட்டிகிட்டு வந்திருக்கு. நல்ல மார்புச் செல்லு சிலதுல எப்பவும் ஈ.ஆர். இருக்கும். அது நிறம் பிடிச்சே ஆகணும். உங்களுக்கு அதுவும் பிடிக்கல."

"அப்படின்னா டெஸ்ட்டே நடக்கல."

நான் இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். மேடம் சிரித்தார்.

"அதேதான். சதையை எடுத்ததும் ஃபார்மலின்ங்கிற திரவத்துல போடணும். போட லேட்டானாலோ, சரியா ஊறாம விட்டாலோ இப்படி ஆகலாம். உங்களுதுல என்ன ஆச்சுன்னு இப்ப சொல்ல முடியாது. நெகட்டிவ்னு எழுதினது நெகட்டிவ் இல்ல. பதில் வரலன்னு அர்த்தம்."

மறுபடி பயாப்சி. மறுபடி அந்த ஸ்டேப்ளர் சத்தம். இந்த முறை துணுக்கை எடுத்த கையோடு புட்டியில் போட்டதை நான் படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தேன்.

முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள்தான் இருப்பதிலேயே கஷ்டம். நெகட்டிவ் என்று உறுதியாகத் தெரிந்திருந்தபோது மனம் ஒருவிதமாகப் பழகியிருந்தது. இப்போது நல்லபடியாக வரலாம் என்ற நினைப்பு வந்துவிட்டதால் சோறு இறங்கவில்லை.

காத்திருக்கும் அறையில்தான் நூர்ஜஹானைச் சந்தித்தேன். லப்பைக்குடிக்காடு. என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். கணவர் வளைகுடாவில் வேலையில் இருந்தார். தன் உம்மாவோடு வந்திருந்தாள். கையில் இருந்த அறிக்கையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தவள், நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"அக்கா, எனக்கு மூணுன்னு போட்டிருக்கு. நாலோட முடிஞ்சிருமாமே. அப்ப இன்னும் ஒண்ணுதான் பாக்கியா?"

வாங்கிப் பார்த்தேன். கிரேடு மூன்று. ஸ்டேஜ் என்ற சொல்லே அதில் இல்லை.

"இது ஸ்டேஜ் இல்லம்மா, கிரேடு. செல்லு எப்படி இருக்குங்கிறதுக்குப் போட்ட மார்க். எவ்வளவு தூரம் போயிருக்குங்கிறது வேற. மேடத்துகிட்ட கேளு, அவங்க படம் போட்டே சொல்லுவாங்க."

அவள் உம்மா என் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் ஒன்றும் செய்யவில்லை, இரண்டு சொல்லுக்கு வித்தியாசம் சொன்னேன். அந்த இரண்டு சொல்லுக்கு நடுவே அவர்கள் எத்தனை நாள் சாப்பிடாமல் இருந்தார்களோ.

என் முடிவு வந்தது. ஈ.ஆர். பாசிட்டிவ், அதுவும் வலுவாக. பி.ஆர். பாசிட்டிவ். ஹெர் டூ இல்லை. கே.ஐ. குறைவு. கிரேடு சொன்னதையே இப்போது எல்லாம் சொன்னது. கீமோ முதலில் வேண்டாம், நேராக அறுவைதான் என்று முடிவானது. அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளில் பரவியிருக்கிறதா என்று பார்த்தபின் மற்றதைத் தீர்மானிக்கலாம் என்றார் மேடம். என் கணவர் அறைக்கு வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அண்ணி மட்டும், "இதை முன்னாடியே ஒழுங்காப் பண்ணியிருக்கக் கூடாதா?" என்றார். அவர் கோபப்பட்டது அந்த ஒரு முறைதான்.

கட்டியை மட்டும் எடுத்து மார்பைக் காப்பாற்றினார்கள். அக்குள் முடிச்சுகள் சுத்தமாக இருந்தன. விழித்ததும் உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அண்ணி உதட்டில் தடவிக்கொண்டிருந்தார். மகள் கல்லூரியிலிருந்து வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். மருந்து மயக்கத்தில் நான் அவளிடம், "ஃபார்மலின்ல போட்டாங்களா, பாத்தியா?" என்று கேட்டேனாம். இப்போதும் அதைச் சொல்லி என்னைக் கேலி செய்கிறாள். காப்பீட்டு அட்டை ஆபரேஷன் செலவைத் தாங்கியது. மற்ற செலவுக்கு, கட்டிக்கொண்டிருந்த வீட்டின் சொந்தக்காரர், கேட்காமலேயே என் கணவருக்கு முன்பணம் கொடுத்தார்.

நான் வார்டில் இருந்தபோது நூர்ஜஹான் கீமோவுக்கு வந்தாள். எனக்கு எதிர்க் கட்டில். அவளுக்கு ஈ.ஆர். இல்லை, ஹெர் டூ பாசிட்டிவ், கே.ஐ. மிக அதிகம். கிரேடு மூன்றுக்குப் பொருந்துகிற மாதிரியே எல்லாம். அவளுக்குக் கீமோவோடு ஹெர் டூவை மட்டும் குறிவைத்து அடைக்கும் ஊசியும் உண்டு. எனக்குக் கீமோ தேவையில்லை, கதிர்வீச்சும் பிறகு வருஷக்கணக்கில் தினம் ஒரு மாத்திரையும் போதும் என்று சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள். "உங்களுக்கு மாத்திரை. எனக்கு ஊசி, ரத்தம், முடி எல்லாம். நான் என்னக்கா பண்ணினேன்?"

சந்தோஷத்தை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாமல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன். ரவுண்ட்ஸ் வந்த மேடத்திடம் அவளுக்காக நானே கேட்டேன், வேகமாக வளர்கிற கட்டிக்கு வைத்தியம் எடுபடுமா என்று.

மேடம் அவள் கட்டிலில் உட்கார்ந்தார். "கீமோ யாரைப் பிடிக்கும் தெரியுமா? பிரிஞ்சுகிட்டு இருக்கிற செல்லைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். வசந்தா அக்காவோட செல்லு சோம்பேறி. கீமோ கொடுத்தாலும் அதுல பாதி தப்பிச்சிரும். உன்னோடது ஓடிகிட்டே இருக்கு. ஓடுறதால மாட்டிக்கும். ஹெர் டூ இருக்கிறதும் உனக்கு ஒரு பிடி. அதுக்குன்னே மருந்து இருக்கு. எல்லாருக்கும் கேக்கும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா மூணுன்னு எழுதியிருக்கிறதைப் பார்த்து நீ இப்பவே அழாதே."

நூர்ஜஹான் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. மேடம் போனதும், "சோம்பேறிச் செல்லாமே உங்களுக்கு," என்றாள். இருவரும் சிரித்தோம். எனக்குத் தையல் இழுத்தது.

அதன்பின் நான் கதிர்வீச்சுக்குத் திருச்சி போய் வந்தேன். மார்புத் தோல் வெயிலில் வெந்ததுபோல் கறுத்து, பிறகு உரிந்தது. மாத்திரை ஆரம்பித்ததும் காலையில் எழுந்தால் விரல் மூட்டெல்லாம் மடக்க வராது, சுடுதண்ணீரில் கையை வைத்திருந்தால்தான் பிடிவிடும். ஆனாலும் வேலைக்குத் திரும்பினேன். நூர்ஜஹானோடு போனில் பேசுவேன். சில நாள் அவள் குரலே வராது, உம்மா எடுத்து, "வாந்தி எடுத்துட்டுப் படுத்திருக்கா, துஆ செய்யுங்க," என்பார். சில நாள் அவளே எடுத்து, முடி கொட்டியபின் தலை எவ்வளவு லேசாக இருக்கிறது என்று சொல்வாள். கீமோ முடிந்து அவளுக்கும் அறுவை நடந்தது.

அவள் அறிக்கை வாங்கும் நாளும் என் பரிசோதனை நாளும் ஒன்றாக அமைந்தது. மேடத்தின் அறையில் நான் ரொம்ப நாளாக நினைத்திருந்ததைக் கேட்டேன்.

"மேடம், அந்த ஸ்லைடை நான் ஒருதடவை பாக்கலாமா?"

அவர் யோசித்துவிட்டுப் போனில் பேசினார். பேதாலஜி பிரிவுக்கு எங்களை அனுப்பிவைத்தார். நானும் நூர்ஜஹானும் அவள் உம்மாவும் போனோம். பேதாலஜி டாக்டர் சின்ன வயதுக்காரர். நோயாளிகள் அந்த அறைக்கு வருவதில்லை போலிருக்கிறது. அவர் நாற்காலிகளில் கிடந்த தாள்களை எடுத்து எங்களுக்கு இடம் செய்துகொடுத்தார்.

என்னுடையதை முதலில் வைத்தார். கண்ணை லென்ஸில் வைத்தேன். வெளிர்நீலத்தின் நடுவே சின்னச் சின்ன வளையங்கள். ஒவ்வொரு வளையத்தைச் சுற்றியும் பழுப்பு மணிகள் அடுக்கினாற்போல். அவ்வளவு ஒழுங்கு. என்னைக் கொல்லக்கூடியது இப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பழுப்புதான் ஈ.ஆர். என்றார் டாக்டர். ஓரத்தில் என்னுடைய நல்ல செல்கள் கொஞ்சம் இருந்தன. அங்கேயும் சில மணிகள் பழுப்பாக இருந்தன. அவற்றைத்தான் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தேன்.

"என்னோடதையும் காட்டுங்க சார்," என்றாள் நூர்ஜஹான்.

அவர் மேடத்துக்குப் போன் செய்தார். காட்டலாமா என்று கேட்பது புரிந்தது. போனை வைத்துவிட்டு, ஒரு தட்டிலிருந்து ஸ்லைடை எடுத்து வைத்தார். அவள் குனிந்து பார்த்தாள். முடி ஓர் அங்குலம் வளர்ந்திருந்த தலை அசையாமல் நின்றது.

"ரோஸ் கலர்ல நூல் நூலா இருக்கு. இதுல கட்டி எங்க சார் இருக்கு?"

"கட்டி இருந்த இடம்தாங்க அது. நீங்க பாக்கறது தழும்பு. அந்த இடம் முழுக்க வெட்டி, எல்லாத்தையும் பார்த்துட்டோம். கேன்சர் செல்லு ஒண்ணுகூட இல்ல. மேடம் உள்ள விவரமாச் சொல்லுவாங்க."

அவள் நிமிரவில்லை. நான் என்னுடையதைப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தாள். உம்மா சேலை முந்தானையைப் பிடித்தபடி பின்னால் நின்று, "என்னடி தெரியுது? சொல்லேன்," என்றார்.

நூர்ஜஹான் கண்ணை எடுக்காமலே கையைப் பின்னால் நீட்டி அவரை முன்னால் இழுத்தாள்.

"ஒண்ணுமே இல்ல உம்மா. வாங்க, நீங்களும் பாருங்க."